அடிக்காமல் விட்ட பந்துகள்

ஒசாகா, டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

"அங்கே கிரிக்கெட் கிடையாதே, சாயங்காலம் பொழுதை எப்படிடா ஓட்டுதே?" என்று போனில் கேட்டீர்கள். போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். இங்கே வந்ததிலிருந்து நான் ஹான்ஷின் டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். இந்த ஊரில் அது இல்லாமல் ஒரு டீக்கடைப் பேச்சில்கூடச் சேர முடியாது.

ஹான்ஷின் என்பது ஒசாகாவையும் கோபேயையும் இணைக்கும் ரயில் கம்பெனி. 1924 ஆகஸ்ட் 1 அன்று தன் பாதையோரத்தில் கோஷியன் என்ற மைதானத்தைத் திறந்தது. பள்ளிக்கூடப் பையன்களின் போட்டிக்காகக் கட்டியது அது. அணி வந்தது பதினொரு வருஷம் கழித்து, 1935-ல். ஆட்ட நாளில் உமேதா நிலையத்தில் ரயிலேறினால் பெட்டி முழுக்க மஞ்சள் கறுப்புச் சட்டைதான். கால்மணி நேரத்தில் கோஷியன் வந்துவிடும். வெளிச்சுவரில் கொடி படர்ந்திருக்கும். உள்ளே இன்ஃபீல்டில் புல்லே கிடையாது, எல்லாம் கறுத்த மண். மட்டைபிடிக்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப்பாட்டு உண்டு. டிரம்பெட்டும் மேளமுமாகக் கூட்டம் மொத்தமும் அதைப் பாடும். எதிரணி மட்டை பிடிக்கும்போது வாயை மூடிக்கொள்ளும். இந்த நாகரிகத்தை நம் ஐபிஎல் ஸ்டேடியத்தில் எதிர்பார்க்க முடியுமா?

இவர்களின் சோகக்கதையைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வருஷம் புரியும். இரண்டு லீக்குகளின் அணிகள் மோதும் ஜப்பான் சீரிஸ் என்ற இறுதிக் கோப்பையை இந்த வருஷத்துக்கு முன் டைகர்ஸ் வென்றது ஒரே ஒரு முறை, 1985-ல். அந்த வருஷம் லீக்கில் முதலிடம் பிடித்த இரவு, ரசிகர்கள் தோத்தொன்போரி கால்வாய்ப் பாலத்தில் கூடி, ஒவ்வொரு வீரரின் பெயராகக் கூவ, அவர் சாயலில் இருந்த ஒருவன் தண்ணீரில் குதித்தானாம். ராண்டி பாஸ் என்ற அமெரிக்க வீரரின் முறை வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரனுக்கு எங்கே போவது? பக்கத்து கேஎஃப்சி கடை வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அணி விழுந்த வீழ்ச்சியைப் பார்த்து, கர்னல் சாபம் என்று ஊரே பேச ஆரம்பித்தது. 2009 மார்ச்சில் பொம்மையைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். கண்ணாடியும் இடது கையும் இல்லை. எடுத்த பிறகும் கோப்பை வரவில்லை. எடுப்பதற்கு முன் 2003, 2005, எடுத்தபின் 2014 என மூன்று முறையும் இறுதியில் தோல்வி. அதில் 2005 தோல்வி அசிங்கமான தோல்வி: நான்கு ஆட்டத்தையும் சேர்த்து 33-க்கு 4. இன்றைக்கும் அந்த எண்ணைச் சொல்லித்தான் மற்ற ஊர்க்காரர்கள் இவர்களைச் சீண்டுகிறார்கள்.

2005-ல் அந்த அடி வாங்கிய மேனேஜர் ஒகாடா அகினோபு. 1985-ல் மைதானத்தில் ஆடி ஜெயித்தவரும் அவரே. ஒசாகாக்காரர். 2008-ல் கையிலிருந்த பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்டுப் பதவியை விட்டார். அவரைத்தான் இந்த வருஷத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள். அவர் ‘சாம்பியன்’ என்ற வார்த்தையை வாயாலேயே சொல்லமாட்டார். "அதை" எடுப்போம், "அதுக்கு" உழைப்போம் என்பார். ராத்திரியில் பாம்பைப் பெயர் சொல்லாமல் பூச்சி என்போமே, அந்தப் பயம். அணி நிர்வாகம் அந்த ‘அது’வையே இந்த சீசனின் கோஷமாக்கி, ஜப்பானிய உச்சரிப்பில் ‘ஆ-ரே’ என்று பனியனிலும் துண்டிலும் அடித்து விற்றது.

இனி நான் சொல்லவந்த விஷயம். அதற்கு ஒரு விதி தெரிந்தால் போதும். பிட்சர் வீசும் பந்து, தரையில் பதித்த வெள்ளைத் தட்டின் அகலத்துக்குள், பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையே வரவேண்டும். வெளியே போகும் பந்துக்குப் பேட்டர் மட்டையை வீசாமல் இருந்தால் அது பிட்சரின் கணக்கில் ஏறும். அப்படி நான்கு சேர்ந்தால், பேட்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு (ரன் எடுக்கச் சுற்றிவரவேண்டிய நிலைகளில் முதலாவது) நடந்தே போகலாம். ‘ஃபோர்பால்’ என்கிறார்கள். யாரும் கைதட்டாத காரியம். நீங்கள் கவாஸ்கர் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விட்ட பந்துகளை ரேடியோவில் கேட்டே ரசித்தவர், உங்களுக்கு இதன் அருமை தெரியும்.

கோஷியன் பெரிய மைதானம். கடலிலிருந்து வரும் காற்று, வலதுபக்கம் தூக்கி அடித்த பந்தைத் திருப்பித் தள்ளிவிடும். நம் சிக்ஸருக்கு ஈடான ஹோம் ரன்னுக்கு வசதியாக முன்னே போட்டிருந்த வேலியையும் 1991 சீசன் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். இங்கே பலத்தைக் காட்டி ஜெயிப்பது கடினம். ஒகாடா என்ன செய்தார் தெரியுமா? பொறுமையாக ஆடுங்கள் என்று பிரசங்கம் செய்யவில்லை. வருஷக் கடைசியில் சம்பளம் நிர்ணயிக்க வீரர்களுக்குப் புள்ளி போடுவார்கள் அல்லவா, அதில் ஃபோர்பாலுக்கு உண்டான புள்ளியைக் கூட்டச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினார். நடந்தாலும் காசு. போன வருஷம் 358 முறை நடந்த அணி இந்த வருஷம் 494 முறை நடந்தது. ஹோம் ரன் 84-தான், அதில் லீக்கில் ஐந்தாவது இடம். ஆனால் எடுத்த ரன்னில் முதலிடம். ஓயாமா யூசுகே என்ற நான்காம் வரிசைக்காரர், மற்ற அணிகளில் ஹோம் ரன் மன்னன் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, 99 முறை நடந்தார். கோச்சுகளின் உபதேசத்தால் ஆட்டம் மாறுவதில்லை, சம்பளச் சீட்டால் மாறுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பிட்சிங்கும் சும்மா சொல்லக்கூடாது. முராகாமி ஷோகி என்ற பையன், போன வருஷம் முதல் அணியில் ஒரு பந்துகூட வீசாதவன், ஏப்ரல் 12 அன்று டோக்கியோவில் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் ஒருவரைக்கூட பேஸ் ஏறவிடவில்லை. அந்த நிலையில் ஒகாடா அவனை மாற்றிவிட்டார்! ஊர் கொதித்தது. எனக்கு இன்றும் அது சரியென்று தோன்றவில்லை. ஆனால் அந்தப் பையன் வருஷம் முழுக்கத் தாக்குப்பிடித்து, போன வாரம் லீக்கின் சிறந்த வீரர், சிறந்த புதுமுகம் என்று இரண்டு பட்டத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறான்.

சீசன் என்பது இறுதிப் போட்டிகள் நீங்கலாகவே 143 ஆட்டம், அண்ணாச்சி. மார்ச் கடைசியில் தொடங்கி, திங்கள்கிழமை ஒன்றைத் தவிர்த்து அநேகமாகத் தினமும். ஆகஸ்டில் கோஷியன் பள்ளிப் பையன்களுக்குப் போய்விடும், சொந்தக்காரர்கள் வெளியேறவேண்டும். வெயிலில் ஊர் ஊராக அலைந்து அந்த மாதம்தான் டைகர்ஸ் சரியும் என்பது வழக்கம். இந்த ஆகஸ்டில் தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்தார்கள். விக்கெட் கீப்பருக்கு ஈடான கேட்சர் உமேனோ மணிக்கட்டு முறிந்து போனபோதும் நிற்கவில்லை. செப்டம்பரில் தொடர்ந்து பதினொன்று. அந்தப் பதினோராவது வெற்றி, செப்டம்பர் 14, கோஷியனில், ஜயன்ட்ஸை எதிர்த்து 4-3. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு லீக்கில் முதலிடம்.

அந்த ஆட்டத்தை எங்கள் தெருமுனை ஓகோனோமியாகி கடையில் டிவியில் பார்த்தேன். முட்டைகோஸும் மாவும் கலந்து கல்லில் சுடும் கடை, அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் கல்லைக் கவனிக்க ஆளில்லை. இவாசாகி சுகுரு பந்து வீச வெளியே வந்தபோது வழக்கமாக ஒலிக்கும் பாட்டு ஒலிக்கவில்லை, வேறொரு பாட்டு ஒலித்தது. கடைக்கார அம்மா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்தான் எனக்குச் சொன்னார். யோகோதா ஷிந்தாரோ என்று ஒருவர், இவாசாகியோடு ஒரே ஆண்டில் அணிக்குத் தேர்வானவர். மூளைக் கட்டி. பார்வை சரியாகத் திரும்பாமலே 2019-ல் ஓய்வு பெற்றார். இரண்டாம் அணிக்காக ஆடிய அந்தக் கடைசி ஆட்டத்தில், பந்து இரட்டையாகத் தெரியும் கண்ணோடு, தூரத்து ஃபீல்டிலிருந்து நேரே ஹோம் தட்டுக்கு எறிந்து ஒருவரை அவுட்டாக்கினார். இந்த ஜூலை 18-ல் இறந்துபோனார், வயது 28. அன்று ஒலித்தது அவர் மட்டைபிடிக்க வரும்போது போடும் பாட்டு. ஆட்டம் முடிந்து மேனேஜரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அப்புறம் இவாசாகியைத் தூக்கிப் போட்டபோது அவர் கையில் யோகோதாவின் 24-ஆம் எண் சட்டை இருந்தது.

இறுதிப் போட்டியில் எதிரணி ஓரிக்ஸ், அதுவும் ஒசாகாவை வீடாகக் கொண்ட அணி. இந்த வட்டாரத்தின் இரண்டு அணிகள் கோப்பைக்கு மோதுவது 1964-க்குப் பிறகு இப்போதுதான். முதல் ஆட்டம் 8-0 என்று டைகர்ஸ் ஜெயித்தது, இரண்டாவதில் அதே 8-0-வைத் திருப்பி வாங்கியது. எனக்கு ஒட்டிக்கொண்டது நவம்பர் 1, நான்காவது ஆட்டம். 3-3. எட்டாவது இன்னிங்ஸில் ஓரிக்ஸ் ஆட்கள் பேஸில் நிற்க, ஜூனிலிருந்து முதல் அணிப் பக்கமே வராத யுவாசா என்ற பிட்சரை ஒகாடா அழைத்தார். மைதானம் அதிர்ந்தது. அவர் வீசியது ஒரே பந்து. அவுட். ஒன்பதாவதில் டைகர்ஸ் பேட்டர் சிகாமோதோ அடிக்காமல் நின்று, நடந்து பேஸ் ஏறினார். ஓரிக்ஸ் பிட்சர் இரண்டு பந்தைத் தாறுமாறாகத் தரையில் குத்த, அவர் மூன்றாம் பேஸ் வரை போய்விட்டார். அடுத்த இருவரை ஓரிக்ஸ் வேண்டுமென்றே நடக்கவிட்டது. அதாவது மூன்று பேஸும் நிரம்பிவிட்டது, ஏறிய மூவரில் ஒருவரும் அடித்து ஏறவில்லை! பிறகு ஓயாமா அடித்தார். ஆட்டம் முடிந்தது. இந்த சீசனை ஒரு இன்னிங்ஸில் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

மீதியைச் சுருக்கிவிடுகிறேன். ஆறாவது ஆட்டத்தில் யாமாமோதோ யோஷினோபு என்ற ஓரிக்ஸ் பிட்சர் தனியாளாக 138 பந்து வீசித் தோற்கடித்தார். ஏழாவது ஆட்டம், நவம்பர் 5. நோய்ஸி என்ற அமெரிக்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்க, 7-1. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு கோப்பை. தோத்தொன்போரியில் ஆயிரத்துக்கும் மேல் போலீஸ் நின்றும் சிலர் குதித்தார்கள். ஓரிக்ஸும் தன் லீக்கில் முதலிடம் என்பதால் நவம்பர் 23 அன்று இரண்டு அணிக்கும் ஊர்வலம். காலையில் ஒன்று கோபேயில், மற்றது ஒசாகாவில், மத்தியானம் ஊர் மாறிக்கொண்டார்கள். நம்மூரில் இரண்டு கட்சிக்கு ஒரே நாளில் ஊர்வல அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த ஆகஸ்ட் 1-ல் கோஷியனுக்கு நூறு வயது. அண்ணாச்சி, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வையுங்கள். ஆகஸ்டில் மட்டும் வரவேண்டாம், மைதானம் பையன்களிடம் இருக்கும். மே மாதம் வாருங்கள், வெயிலும் குறைவு. ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கவேண்டும், எத்தனை பேர் என்று பொங்கலுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி