காவல் வந்தது, குழாய் வரவில்லை

கோஷித்ஸே, ஸ்லோவாக்கியா



இந்த நாட்டு ரோமா மக்களைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். சுமார் 54 லட்சம் பேர் வாழும் ஸ்லோவாக்கியாவில் அவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்களின் வழிவந்தவர்கள். கிழக்குப் பகுதியில் பலருக்கு ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்புதான். அரசாங்கத்தின் கை அங்கே எவ்வளவு தூரம் எட்டும் என்பது கொரோனாவில் தெரிந்துபோயிற்று.

2020 வசந்தத்தில் வெளிநாட்டு வேலையிலிருந்து நிறையப் பேர் திரும்பியிருந்தார்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில் யாரைத் தனிமைப்படுத்துவது? தொற்று பரவிவிடும் என்ற அரசின் கவலை நியாயமானதுதான். ராணுவ மருத்துவர்கள் குடியிருப்புகளுக்கே போய்ப் பரிசோதனை செய்தார்கள். ஏப்ரல் 9 அன்று கிரொம்பாஹி, பிஸ்த்ரானி, ஜெஹ்ரா ஆகிய ஊர்களில் ஐந்து குடியிருப்புகளை மொத்தமாக அடைத்துக் காவல் போட்டார்கள். தொற்று உறுதியானவர்கள் சில பத்துப் பேர். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில். மக்கள் உரிமைப் பாதுகாவலராக இருந்த மாரியா பட்டகியோவா இதைக் கண்டித்தார்.

கையைக் கழுவு, கையைக் கழுவு என்று ஊர் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. கழுவத் தண்ணீர்? பல குடியிருப்புகளில் வீட்டுக்குக் குழாய் இல்லை. சில இடங்களில் தெருமுனையில் ஒரு இயந்திரம். அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு வந்தால்தான் வாளி நிறையும். முகக்கவசம், கிருமிநாசினி, தண்ணீர்த் தொட்டி இவற்றுக்கெல்லாம் அரசு மானியம் ஒதுக்கியது. ஆனால் அது ஊராட்சி வழியாகத்தான் வரும். மேயருக்கு மனமிருந்தால் தொட்டி வரும், இல்லையென்றால் இல்லை.

பள்ளிக்கூடக் கதையும் இதேதான். அந்த வசந்தத்தில் நாடு முழுக்கச் சுமார் 52 ஆயிரம் பிள்ளைகளுக்கு எந்த வகையிலும் பாடம் போய்ச் சேரவில்லை என்று கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவே சொன்னது. இணையம் இல்லாத வீடுகளுக்குப் பயிற்சித் தாள்களை அச்சடித்து, கையில் எடுத்துப்போய்க் கொடுத்தவர்கள் சில ஆசிரியர்களும் களப்பணியாளர்களும்.

உருப்படியாக நடந்த வேலை என்று பார்த்தால் இந்தக் களப்பணியாளர்களுடையதுதான். சுகாதார அமைச்சின் கீழ் ‘ஆரோக்கிய வட்டாரங்கள்’ என்றொரு அமைப்பு உண்டு. அதன் உதவியாளர்களில் பெரும்பாலோர் அந்தந்தக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியின் தோள்பையில் காய்ச்சல்மானி, யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதிய நோட்டு, வழியில் ஒட்டிக்கொள்ளும் குழந்தைகளுக்கு மிட்டாய், எல்லாம் இருக்கும். எந்த வீட்டுக் கிழவிக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரசவ நாள் நெருங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ரோமானி மொழியில் அவர் விளக்கினால் மறுபேச்சு இல்லை. சீருடைக்காரர் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். ஆனால் நேற்றும் வந்தவர், நாளையும் வரப்போகிறவர் ஆயிற்றே!

எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். களப்பணியும் சமூக மையங்களும் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூக நிதியில், திட்டக்கால அடிப்படையில் ஓடுகின்றன. திட்டம் முடியும்போதெல்லாம் அடுத்தது எப்போது வரும், வேலை நிலைக்குமா என்ற கேள்வி எழுகிறது. காவலுக்குப் பணம் ஒரே நாளில் கிடைக்கிறது. குழாய்க்கு ஆண்டுக்கணக்கில் கோப்பு நகர்கிறது. அடுத்த தொற்று வந்தாலும் ராணுவத்தை மறுநாளே வரவழைத்துவிடலாம். ஐந்தாறு வருடம் ஒரே தெருவில் நடந்து பழகிய பெண்மணியை அப்படி வரவழைக்க முடியாது. அவருக்கு நிரந்தர வேலை போட்டுக்கொடுக்க வேண்டிய நேரம், நோய் இல்லாத இந்தக் காலம்தான்.


உங்கள் மடல்காரன்