பிரேக் யார் கையில்?

"இந்த வயதில் இதெல்லாம் வேண்டாமே!" என்றேன். என் சகதர்மிணி கேட்டால்தானே?

கோபன்ஹேகனுக்கு வடக்கே, காட்டின் நடுவே பாக்கன் பூங்கா. அதன் சரித்திரம் 1583-ல் தொடங்குகிறது என்பார்கள். அங்குள்ள 1932-ஆம் வருஷத்து மர ரோலர் கோஸ்டரில் அவள் மட்டும் ஏறினாள். நான் கீழே நின்று கைப்பைக்குக் காவல் இருந்தேன்.

மறுநாள் நகரின் மத்தியில், 1843-ல் திறந்த திவோலி. 1914 முதல் அங்கே ஓடும் மர வண்டியைக் கண்டதும், "இன்று கைப்பைக்குக் காவல் வேண்டாம், எனக்குத் துணை வேண்டும்" என்றாள். பத்து வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அதிகமில்லை. ஏறிவிட்டேன்.

வண்டியின் நடுவே ஓர் ஆள். சரிவில் வேகம் மிஞ்சிவிடாமல் கையால் பிரேக் பிடிப்பது அவர் வேலை. உச்சியிலிருந்து வண்டி பாய்ந்ததும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்தில் கலகலவென்று சிரிப்பு! மளிகைக் கணக்குக்கும் பள்ளிச் சம்பளத்துக்கும் இடையே அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது?

"பயமாயில்லையா?" என்றேன், இறங்கியதும்.

"வீட்டிலே எல்லாவற்றுக்கும் பிரேக் பிடிப்பவள் நான். இங்கே வேறொருவர் பிடிக்கிறாரே, எனக்கென்ன பயம்?" என்றாள்.

பதில் பேசாமல் இன்னும் இரண்டு டிக்கெட் வாங்கினேன்.