வேப்பமரத்துக்கும் சாம்பல் நோயா?

வள்ளூரில் வெண்டை போட்டிருக்கும் ஓர் அம்மாவின் தோட்டத்தில், இலையெல்லாம் வெள்ளை படர்ந்தது. மகன் செல்போனில் படம் எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கேட்டான். ‘இது சாம்பல் நோய். நனையும் கந்தகம் தெளிக்கவும்’ என்று நொடியில் பதில் வந்தது.

“வேலியோர வேப்பமரத்துலயும், கூரை மேலயும் இதேதானே கிடக்கு? அதுக்கும் நோயா?” என்று கேட்டார் அந்த அம்மா. இலையைத் திருப்பிப் பார்த்தார், அடிப்புறம் சுத்தம். வட்டத் திட்டுகளும் இல்லை. தண்ணீரில் கழுவியதும் பச்சை பளிச்சென்று தெரிந்தது. 1,500 மெகாவாட் அனல்மின் நிலையமும், நிலக்கரி இறங்கும் துறைமுகமும் சூழ்ந்த ஊர் அது. படிந்திருந்தது காற்றில் வந்த தூசு.

செயலி பொய் சொல்லவில்லை. தனக்குக் காட்டப்பட்ட படங்களில் எது நெருக்கமாக ஒத்துப்போகிறதோ, அதைச் சொல்கிறது. அந்தப் படங்களில் தூசு படிந்த இலை இல்லாவிட்டால், வெள்ளையாக இருப்பதெல்லாம் அதற்கு நோய்தான். ஆனால், எந்தப் படங்களைப் பார்த்துக் கற்றது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதைத்தான் அது சொல்லவில்லை.

பூச்சிமருந்து டப்பாவில்கூட தயாரித்த தேதி, காலாவதி தேதி, விஷத்தின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். செயலியின் பதிலுக்கு அப்படி லேபிள் கிடையாது. பாதுகாப்பான, நெறிமுறை சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2020-ல் வெளியிட்டது. வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும் அதில் முக்கிய அம்சங்கள். அது வயல் வரைக்கும் வர வேண்டும்.

அதுவரை, மருந்து வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பரிந்துரை யாருடையது? எந்த ஆண்டுடையது? நம் மண்ணுக்குப் பொருந்துமா? உதாரணமாக, மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது. பழைய குறிப்புகளைப் படித்த கருவி, அதை இன்றும் சொல்லக்கூடும். சந்தேகம் என்றால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலையோடு போகலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் உழவர் அழைப்பு மையத்தையும் கேட்கலாம்.

அந்த அம்மா கந்தகம் வாங்கவில்லை; வெறும் தண்ணீரைத் தெளித்தார். செலவு மிச்சம். ஆனால், தூசு மறுபடியும் வரும். நோய் என்று நம்பியிருந்தால், விஷயம் மருந்துக் கடையோடு முடிந்திருக்கும். தூசு என்று தெரிந்ததால், அதை எடுத்துப் போக வேண்டிய இடம் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம்.