அவிநாசியின் காசிக் கிணறு

திருப்பூரிலிருந்து வடமேற்கே பதினான்கு கிலோமீட்டர் போனால் அவிநாசி. பனியன் கம்பெனி வேன்களும் கோவைக்குப் போகும் பஸ்களும் ஓயாமல் ஓடும் இந்த ஊரின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் பதிகம் பாடிய தலம், கொங்கு ஏழு தலங்களில் ஒன்று.

அவிநாசிலிங்கேசுவரர் கோயிலின் தீர்த்தங்களில் காசிக் கிணற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. மூலவர் காசி லிங்கத்தின் வேரிலிருந்து முளைத்தவர், கங்கையே இந்தக் கிணற்றில் ஊறுகிறாள் என்பது தலமரபு. காசிக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு இந்தத் தண்ணீரே கங்கை. கொங்குச் சீமையில் இந்த நம்பிக்கை ஒரு கிணற்றைப் பற்றிக்கொண்டதில் எனக்கு வியப்பே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மண் இது. ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான். கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். தண்ணீர் அந்தப் பாறை வெடிப்புகளில்தான் ஒளிந்திருக்கும். அதனால்தான் இந்தப் பக்கத்துப் பழைய கிணறுகளில் மேலே மண் சரியாமல் கருங்கல் கட்டு, கீழே குடைந்த பாறையே சுவர். பக்கக் கல்லில் நீட்டிவிட்ட படிகளில் இறங்கித் தூர் வாருவார்கள். ஊற்றுக்கண் அடைபடாமல் பார்த்துக்கொள்வது கோயில் கிணற்றுக்கும் தோட்டத்துக் கிணற்றுக்கும் ஒரே வேலைதான்.

ஊரின் பெரிய கதையும் தண்ணீரைப் பற்றியதே. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டார். வறண்டு கிடந்த குளம் நிரம்பி, முதலை வந்து பிள்ளையை உமிழ்ந்தது என்கிறார்கள். கோயிலின் முன்னுள்ள தீபத்தூணில் அந்த முதலையும் பிள்ளையும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கதை நடந்ததாகச் சொல்லும் தாமரைக்குளம் கோயிலுக்கு வெளியே இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் பின்னாளில் போர்வெல் போட்டுப் போட்டு நிலத்தடி நீர் எங்கோ ஆழத்துக்குப் போயிற்று. நொய்யல் ஆற்றங்கரையில் சாயக்கழிவு இறங்கிக் கிணறுகள் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அந்த உத்தரவு வேலையிழந்தவர்களுக்குப் பெரிய அடி. ஆனாலும் மண்ணுக்கு அது தேவைப்பட்டது.

தண்ணீர் கேட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் மன்றாடிய ஊர்களில் அவிநாசியும் ஒன்று. 2016-இல் இங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாக ஓடும் நீரில் 1.5 டி.எம்.சி.யை ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். குளத்தில் தண்ணீர் நின்றால்தான் அக்கம்பக்கத்துக் கிணறு ஊறும். அந்தக் குளங்களில் குப்பை கொட்டுவதைக் கோயில் தீர்த்தத்தை அசுத்தமாக்குவதற்குச் சமமாகவே நான் எண்ணுகிறேன்.

அவிநாசிக்கு வருகிறவர்கள் சுவாமியையும் கருணாம்பிகை அம்மனையும் சேவித்த கையோடு காசிக் கிணற்றையும் பாருங்கள். பூவோ காசோ பிளாஸ்டிக் பையோ, எதையும் அதில் போட்டுவிடாதீர்கள்.