பெரியவர் கேட்ட கேள்வி

எங்கள் பம்மலில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடுகிறோம். போன முறை எடுத்துக்கொண்டது, 1975-ல் ஜப்பானில் வெளிவந்த மசானபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. உழவு, ரசாயன உரம், களையெடுப்பு, பூச்சிக்கொல்லி நான்கும் வேண்டாம் என்றவர் அவர்.

ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் வைத்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "முப்பது வருஷமா யூரியா போடச் சொன்னீங்க சார். இப்ப இதைப் படிக்கிறீங்களே?"

வேளாண்மை படித்த எனக்கு வாய் அடைத்துப்போனது. "சொன்னேன் ஐயா. விளைச்சலைப் பார்த்தேன், மண்ணைப் பார்க்கலை" என்றேன்.

ஃபுகோகாவும் பயிர் நோய் படித்து, யோகோஹாமா சுங்கத்தில் வேலை பார்த்தவர்தான். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தில் கவாத்தைச் சட்டென்று நிறுத்தியதால் மரங்கள் பட்டுப்போனதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்குப் பாடம் அதுதான்.

எனவே, உரத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மண் பரிசோதனை செய்துகொண்டு, முதலில் 10 சென்ட்டில் வைக்கோல் மூடாக்கு போட்டுப் பாருங்கள். கண்டதைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்.

பெரியவர் அடுத்த மாதமும் வருகிறாராம். நானும் போவேன், பதில் சொல்ல மட்டுமல்ல, கேட்கவும்.