அக்னி நட்சத்திரத்தில் பேத்தியோடு சென்னை

கார்த்திகைப் பட்டத்து மல்லாட்டையைப் பிடுங்கிக் காயவைத்து விற்று முடித்தால், எங்கள் செய்யாறு பக்கத்தில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பது சித்திரைக் கடைசியில்தான். சென்னையில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்புவதும் அப்போதுதான். அதாவது, சரியாக அக்னி நட்சத்திரத்தில்! போய் இறங்கியதும் குழந்தையை நம் கையில் கொடுத்துவிட்டு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையை அடுக்குமாடி வீட்டுக்குள் நாளெல்லாம் அடைத்துவைக்கவும் முடியாது, வெயிலில் தூக்கிக்கொண்டு அலையவும் முடியாது. மந்தைவெளியில் இரண்டு கோடையைப் பேத்தியோடு கழித்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காற்றைப் பாருங்கள். காலையில் வீசும் மேல்காற்று உள்நாட்டு அனலைச் சுமந்து வரும். வெயில் ஏற ஏற நிலம் காய்ந்து, சூடான காற்று மேலே எழும்பும். கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதனால் பகல் 12 மணி வாக்கில் கடலில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் இது தாமதமாகும், அன்றைக்கு ஊரே கொதிக்கும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. காற்று திரும்பிவிட்டதா என்று தெரிய மாடியில் நின்று தென்னை ஓலையைப் பார்த்தாலே போதும். இது நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

காலை 6 மணியில் இருந்து 9 மணிவரை குழந்தைக்கான நேரம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு அப்போதே போய்வந்துவிட வேண்டும். 10 மணிக்கு மேல் கல்தரை, பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். தல மரமான புன்னை அங்கே நிற்கிறது. லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா பக்கம்தான். அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் உள்ளது. சறுக்குமரத்தைக் காட்டினால் என் பேத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் எறும்புச் சாரை பின்னாலேயே போனாள். இந்த வயசுக்கு அதுதான் வேடிக்கை, இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. முன்பு டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடம், 2010-ல் திறந்தார்கள். தோட்டக்கலைத் துறை நடத்துவதால், குழந்தை தூங்கிவிட்டாலும் நமக்குப் பார்க்கச் செடிகள் உண்டு. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தையும் விட்டுவிடாதீர்கள். தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துபோனது. விழுதுகள் ஊன்றி நின்று இன்றும் நிழல் தருகின்றன. உள்ளே விடும் நேரம் குறைவு, விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

10 மணி முதல் 4 மணிவரை வீடுதான். அகலமான பேசினில் நாலு விரல் தண்ணீர், ஒரு டம்ளர், ஒரு கரண்டி போதும், மதியம் ஓடிவிடும். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கதவு தட்டுகிறார்கள் என்று எழுந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். அவ்வளவு தண்ணீரும் ஆபத்துதான். நுங்கு வாங்கினால் தோல் உரித்து, நன்றாக நசுக்கிக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு உடம்பு நம்மைவிட வேகமாகச் சூடாகும். தாகம் என்று சொல்லவும் தெரியாது. சிறுநீர் குறைவது, அழுதால் கண்ணீர் வராதது இரண்டும் தண்ணீர் வற்றுவதன் அடையாளம். உடனே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். உடம்பு கொதித்துத் துவண்டுபோனாலோ, கூப்பிட்டால் விழிக்காவிட்டாலோ, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

தி.நகரைப் பற்றிக் கேட்பீர்கள். ரங்கநாதன் தெருவுக்குக் குழந்தையோடு போகாதீர்கள், அவ்வளவுதான். ஜவுளி எடுக்க ஒருவர் போகட்டும், மற்றவர் பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் குழந்தையை நடக்கவிடலாம். அதுவும் சாயங்காலம்தான்.

சாயங்காலம் என்றால் என் ஓட்டு பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கே. 5 மணிக்கு மணல் ஆறியிருக்கும், காற்று முகத்தில் அடிக்கும். ஒரு சிரட்டையும் பழைய ஸ்பூனும் கொடுத்தால் குழந்தை எழுந்திருக்காது. கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அது கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம். டென்மார்க் மாலுமி அவர். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய நாம் கடலையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். இங்கே திரும்பிப் போகும் அலை, காலடி மணலையே அரித்து உள்ளே இழுக்கும். அதனால் அலை வந்து ஓயும் இடத்தில், கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாமல் நில்லுங்கள். குழந்தையின் விரலைப் பிடித்தால் ஈரத்தில் நழுவிவிடும், அக்குளில் கைகொடுத்துப் பிடிக்க வேண்டும். அலை காலைத் தொட்டதும் முதல் நாள் என் பேத்தி அலறினாள். மூன்றாம் நாள், அலை திரும்பிப் போனதும் "வா, வா" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். பேருந்து பெசன்ட் நகரில் இருந்தே புறப்படுவதால், தூங்கும் குழந்தையை மடியில் போட்டு உட்கார இடம் கிடைக்கும்.