பால்நிறம் மறையும் வரை

சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பால்நிறத்தை மறைய வைத்து, மறைந்ததைத் திரும்ப வரவழைக்க இரண்டு பாடவேளை வேண்டும். விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு இது விளங்கப் பல வருடங்கள் சென்றன.

நாம் மூச்சில் விடுவது காபனீரொட்சைட்டு என்று காட்ட, ஒரு மாணவியைக் கூப்பிட்டுக் குழாயால் சுண்ணாம்பு நீருக்குள் ஊதச் சொல்வேன். "ஊதுங்கோ பிள்ளை, உறிஞ்சிப் போடாதேங்கோ" என்று இரண்டு தரம் சொல்வேன். நீர் வெளுக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். கொப்பியில் ஒரு வரி எழுதுவார்கள், பரீட்சைக்கு அந்த வரி போதும். சாதாரண தர விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது, எல்லாம் தாளில்தான். ஆகவே நானும் அந்த வரியோடு நிறுத்திவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். பதிவேட்டைக் கேட்கவில்லை, பாடக்குறிப்பையும் புரட்டவில்லை. பாடம் முடிந்து பிள்ளைகள் போனபிறகு கேட்டார்: "ஏன் பிள்ளை, பால்நிறம் வந்த உடனே நிப்பாட்டிப் போட்டீங்கள்? இன்னும் கொஞ்சம் விடுங்கோ பாப்பம்."

அடுத்த கிழமை விட்டுப் பார்த்தேன், முதல் தரம் பிழைத்தது. இரண்டாம் தரமும் பிழைத்தது. பிறகு கைவந்த முறையைச் சொல்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, போத்தலை இறுக மூடி இரவு முழுக்க வைக்கவேண்டும். காலையில் மேலே தெளிந்ததை மட்டும் மெல்ல வடித்து, அதேயளவு மழைநீர் சேர்த்து ஐதாக்கவேண்டும். செறிவாக இருந்தால் மணி அடித்தாலும் பால்நிறம் போகாது. வாயுவுக்கு மூச்சு காணாது. கிணறு வெட்டி எறிந்த கல்லில் ஒரு பிடி உடைத்து, பழைய சோடாப் போத்தலில் போட்டு வினாகிரி ஊற்றவேண்டும். மூடியில் துளையிட்டு மெழுகால் அடைத்துச் செருகிய சேலைன் குழாய்தான் வாயுவைக் கொண்டுபோகும். நடுவில் தண்ணீர் நிரப்பிய இன்னொரு போத்தல் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அமிலமும் வாயுவோடு வந்து சேரும். அப்போதும் பால்நிறம் மறையும், ஆனால் அது பொய்யான மறைவு. எனது முதலிரண்டு பிழையும் அதுதான். மெய்யா பொய்யா என்று அறிய ஒரு வழி உண்டு: தெளிந்த நீரை மதுசார விளக்கில் சூடாக்கவேண்டும். மெய்யாக இருந்தால் குமிழி எழுந்து, நீர் மீண்டும் கலங்கும்.

மீண்டும் கலங்கிய அன்று முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பிவிட்டாள். "ரீச்சர், இது எங்கட வீட்டுக் கேத்திலுக்கை படியிறதெல்லோ?"

அதுவேதான். எங்கள் உடுவிலின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. நாங்கள் குடிப்பது அந்தக் கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு, கல்லைக் கரைத்தபடி இறங்குகிறது. பால்நிறம் மறைவது அது. நிலாவரைக் கேணியின் ஆழத்தைக் குடைந்ததும் அதே கரைதல்தான். அந்த நீரை நாங்கள் கொதிக்க வைக்கும்போது, கரைந்த கல் கேத்திலின் அடியில் திரும்பக் கல்லாகிறது. ஒரு பரிசோதனைக் குழாய்க்குள் ஊரின் நிலத்தடியே வந்து நிற்கிறது. பால்நிறத்தோடு நிறுத்தினால் இது ஒன்றும் வெளியே வராது.

கல்லுக்குள் மழை இறங்கும் வழியால் வேறு பலதும் இறங்கும். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று இறங்கும். பக்கத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பேச்சாகவும் பயமாகவும் இருந்த விடயம். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் என்ன வாதாடப்பட்டது என்று பத்திரிகையில் வாசித்து விளங்கும் அளவுக்காவது தரம் 11 பிள்ளைக்கு விஞ்ஞானம் தெரிந்திருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படிப் படிப்பிக்க அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1945இலிருந்து இலவசக் கல்வி, 1980இலிருந்து இலவசப் பாடநூல், அதுவும் தாய்மொழியில். மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீனின் தமிழ் இரசாயன நூல் 'கெமிஸ்தம்' அச்சில் வந்தது 1875இல். எங்கள் பிள்ளைகள் அந்த நீண்ட வரிசையில் வந்தவர்கள். 1995 ஒக்டோபர் 30இல் யுத்தத்தால் வலிகாமமே இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையோடு கிடந்த ஆய்வுகூடத்தைக் கண்டால் அதுவே பெரிய ஆறுதல். பிறகு ஆயிரம் பாடசாலைத் திட்டத்தில் மகிந்தோதய ஆய்வுகூடங்கள் நாடெங்கும் எழுந்தன. கட்டடமும் கணினியும் வந்ததை நான் குறைவாக மதிக்கவில்லை.

ஆனால் கட்டடம் ஒருதரம் வருவது. வினாகிரி மாதம் மாதம் முடிவது. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நுணுக்குக்காட்டி பூட்டியபடி இருந்தது. உடைந்தால் யார் பொறுப்பென்று தெரியாததால் ஒருவரும் தொடவில்லை. அதே பாடசாலையில் மதுசாரம் வாங்கும் சிறு காசுக்கு மூன்று விலைமனுக் கேட்டார்கள். விலைமனுக் கேட்டு வந்த சாமான் வருடக் கடைசியில், அலகு முடிந்தபிறகு வந்தது. ஆய்வுகூட உதவியாளர் இல்லாததால் முதல்நாள் சுண்ணாம்பு கரைத்து மூடி வைப்பதும், கடைசியில் நாற்பது பிள்ளைகளின் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவதும் நான்தான். இதற்கு மேலே, பாடவேளையும் அப்போது நாற்பது நிமிடம்தான்.

அதனால் தேவைப் பட்டியல் கேட்டுப் படிவம் வரும்போதெல்லாம், உபகரணங்களுக்கு முன்னால் வேறு நாலு விடயம் எழுதுகிறேன். கிழமைக்கு ஒருதரம் தொடர்ந்து வரும் இரண்டு பாடவேளை. கணக்குக் காட்டிச் செலவழிக்கக்கூடிய சிறு காசு. உடைந்த கண்ணாடிக்கு ஆசிரியர் தண்டம் கட்டவேண்டாம் என்ற ஒரு எழுத்து. வாங்கில் வந்து உட்காருவதற்கு ஆசிரிய ஆலோசகருக்கு நேரம். நாலாவதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். எனக்குக் கிடைத்த பயிற்சிச் செயலமர்வுகள் பல. ஆனால் என் கை மாறியது, ஒருவர் என் வகுப்பைப் பார்த்துக் கேட்ட அந்த ஒரு கேள்வியால்.

கேத்திலைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை மறுநாள் அதன் அடியைச் சுரண்டி ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் செதில்கள். வினாகிரியில் போட்டோம், நுரைத்தது. வந்த வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டோம், நீர் வெளுத்தது. இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. குழாயை எடுக்காமல், நீர் தெளியும் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.